போலீஸுக்குக் கொடுத்த நாடகம்

அப்பாவின் தாள்களைப் பெற்றுக்கொள்ளச் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகம் சம்மதித்தபோது, அவற்றைப் பிரித்து அடுக்க என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்றுதான் நினைத்தேன். வேலைக்காலம் முழுவதும் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன் நான். அடுத்தவர் எழுதியதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அப்பா தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டே நாடகம் எழுதியவர். கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் அவை அரங்கேறின. அவற்றைப் பார்த்த யாரோ மெட்ராஸுக்குக் கூப்பிட, வேலையை விட்டுவிட்டுப் போனார். ஸ்டுடியோக்களின் கதை இலாகாவில் உட்கார்ந்து வசனம் எழுதினார். படம் வந்தால் அம்மா என்னை முதல் காட்சிக்குக் கூட்டிப்போவாள். "கண்ணச் சிமிட்டிராத. அப்பா பேரு வரும்" என்பாள். வரும். வசனம் என்று பெரிய எழுத்தில் இன்னொருவர் பெயர் வந்துபோன பிறகு, உதவி என்ற சொல்லுக்குக் கீழே நாலு பெயர்களில் ஒன்றாக வரும். நான் படித்து முடிப்பதற்குள் ஒரு பூவோ விளக்கோ வந்து அதை மறைத்துவிடும். வயிற்றுப் புண்ணோடு ஊர் திரும்பிய பிறகு அப்பா சினிமாவைப் பற்றிப் பேசியதில்லை. நாடகங்களைப் பற்றியும் பேசியதில்லை. அவை எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு நடந்தவை.

இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு சாக்கும் இருந்தன. பெட்டிகளில் சினிமாத் தாள்கள். அப்பாவின் நீல மையின் மேல் டைரக்டரின் சிவப்பு, அதற்கும் மேல் கதாநாயகனின் பென்சில் என்று ஒரே காட்சியில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். சாக்கில் நாடகங்கள். அவற்றில் ஒன்று முத்துக்குளிப்பைப் பற்றியது. அது டைப் அடிக்கப்பட்டு, நூலால் தைக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை குத்தப்பட்டு, நேற்று முடித்ததுபோல் சுத்தமாக இருந்தது. அதே சாக்கில் அதே நாடகத்தின் துண்டுத் தாள்களும் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒவ்வொரு கட்டின் தலையிலும் சம்மாட்டி என்னும் படகு முதலாளி, மச்சினன், ஆபீசர் என்று ஒரு பாத்திரத்தின் பெயர். உள்ளே அந்த ஒருவர் பேசும் வசனம் மட்டும். மற்றவர்கள் பேசும் இடத்தில் புள்ளிகளும், புள்ளிகளுக்குப் பின்னால் இரண்டு மூன்று சொற்களும். எண்ணெய்க் கறை, அடித்தல் திருத்தல், ஓரங்களில் கிறுக்கல்.

காப்பகத்தில் இருந்து ஒரு பெண் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "எதையும் எடுக்காதீங்க சார். வரிசையைக்கூட மாத்தாதீங்க. பஸ் டிக்கெட் இருந்தாலும் அப்படியே அனுப்புங்க." வேலை தெரியாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் பக்கம் அச்சுக்குப் போய்விட்டால் அதற்கு முந்தைய தாள்கள் எல்லாம் குப்பை. முழுப் பிரதி கையில் இருக்கும்போது துண்டுகளை யாராவது வைத்திருப்பார்களா? துண்டுகளை எல்லாம் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். முத்திரை குத்திய பிரதியைப் புது அட்டைக்குள் வைத்துச் சென்னைக்கு அனுப்பினேன்.

எடைக்குப் போட்டவற்றில் ஒரு கட்டு எங்கள் வீட்டுடையது அல்ல.

அந்த நாடகத்தில் முத்துக்குளிப்பவனின் மனைவியாக நடித்தவர் நாசரேத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குத் தெரியாமல் வந்து நடித்திருக்கிறார். தெரிந்த அன்றோடு அதை நிறுத்திவிட்டார்கள். அப்போது மேடையேறியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அப்பாவின் தாள்களைக் காப்பகத்துக்குக் கொடுக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் என்னை வரச்சொல்லி, ஒரு பழைய எக்ஸ்ரே கவரை நீட்டினார். உள்ளே அவருடைய பாடம் இருந்தது. நாடகக்காரர்கள் தங்கள் வசனத் தாளைப் பாடம் என்றுதான் சொல்வார்கள்.

"இத ஒங்க அப்பா பேப்பரோட சேத்துரு தம்பி. நான் போன பொறவு எம்பிள்ளைக இத ஆஸ்பத்திரிக் காயிதம்னு தூரப் போட்டுரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து உருவிப் பார்த்தேன். அதே மாதிரியான துண்டுத் தாள். மற்ற கட்டுகளோடு சேர்த்துக் கட்டினேன். எக்ஸ்ரே கவர் பிளாஸ்டிக் என்பதால் கடைக்காரர் அதை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்தார். நான் அதில் கரண்டு பில் போட்டு வைத்துக்கொண்டேன்.

பிறகு, பழைய பத்திரிகை நண்பர்கள் கேட்டார்கள் என்று ஞாயிறு மலருக்கு அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முத்திரைப் பிரதியைப் படித்துவிட்டு எழுதியது. 'யாரையும் குற்றம் சொல்லாத, துயரத்தை விதி என்று ஏற்றுக்கொள்ளும் மென்மையான நாடகாசிரியர்' என்பது அதில் ஒரு வரி. எனக்குப் பிடித்த வரியும் அதுதான்.

காப்பகத்தில் தாள்கள் சேர்ந்ததை ஒட்டித் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி அரங்கில் சின்னக் கூட்டம் ஏற்பாடானது. மாணவர்கள் ஒரு காட்சியை வாசிப்பார்கள். சிறப்பு விருந்தினர் நாசரேத் டீச்சர். தன் காட்சியைத் தானே வாசிப்பேன் என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் டைப் பிரதியின் நகலை எடுத்துக்கொண்டு நாசரேத்துக்கு பஸ் ஏறினேன்.

டீச்சர் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே மனைவி 'ஐயோ, என்னை விட்டுப் போய்விட்டீரே' என்று அழ, மச்சினன் 'எல்லாம் கடவுள் சித்தம்' என்கிறான். அவ்வளவுதான்.

"இது போலீஸுக்குக் குடுத்ததுல்லா" என்றார். "நம்ம நாடகம் எங்க?"

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டார்.

"பேப்பர்காரன்னா எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன், ஒனக்கு ஒண்ணுமே தெரியலயே! அப்பம்லாம் நாடகம் போடணும்னா முன்னாலயே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சீல் வாங்கணும். ஒங்க அப்பா அதுக்குன்னே தனியா ஒண்ணு எழுதுவாரு. சாது நாடகம். நாங்க நடிக்கது வேற. அது முழுசா ஒரு எடத்துலயும் கெடையாது. அவங்கவங்க பாடத்துலதான் இருக்கும். யாரு கையில சிக்குனாலும் ஒரு ஆளு வசனந்தான் சிக்கும். அதுக்காவத்தான் அப்பிடி."

"போலீஸ் பாக்க வரமாட்டாங்களா டீச்சர்?"

"வராம? ஏட்டையா முன்வரிசையில உக்காந்து, சீல் வச்ச காப்பிய மடியில வச்சிப் பக்கம் பக்கமாப் பொரட்டிக்கிட்டே இருப்பாரு. எங்க சீன் வரதுக்கு முன்னால ஒரு தட்டு மக்ரூன் போவும், ஒரு கலர் சோடா போவும். மக்ரூன் தின்ன கையோட கவர்மெண்டு காயிதத்தத் தொடலாமா? கையத் தொடச்சிட்டு அவரு பக்கத்தத் தேடுததுக்குள்ள சீன் முடிஞ்சிரும்." பிறகு சொன்னார்: "தெரிஞ்சும் திம்பாருன்னு ஒங்க அப்பா சொல்லுவாரு."

அந்தக் காட்சியை அவர் விளக்கினார். முத்துக் குளிப்பவன் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானான மச்சினன் கையில்தான் கொடுப்பான். தன் அக்காள் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்கிற நம்பிக்கை. நாடகத்தில் குளித்தவன் திரும்பி வரவில்லை. அக்காள் தம்பியைக் கேள்வி கேட்கிறாள். அவளுடையது எல்லாம் ஒற்றை வரிக் கேள்விகள். தம்பிதான் நீளமாகப் பேசுகிறான். கடல் கெட்டது, அன்றைய குளிப்பை முடிக்க இறக்க வேண்டிய கொடியைச் சர்க்காரின் காவல் படகில் இறக்காமல் வைத்திருந்தது, கொடி இறங்காமல் ஆளை மேலே தூக்கினால் படகையே குளிப்பில் இருந்து தள்ளி வைப்பார்கள் என்பது, அப்படி உத்தரவு போட்டது யார் என்பது எல்லாம் அவன் வாயில்தான் வரும்.

"கீழவைப்பார்ல போட்டப்ப கூட்டத்துல ஒரு பொம்பள எந்திச்சி மச்சினனா நடிச்சவன் மேல மண்ண வாரி எறிஞ்சிட்டா. அவன் பாவம், கண்ணுல மண்ணோட முழு வசனத்தையும் பேசி முடிச்சான். கடைசியில அவளே அழுதா" என்றார் டீச்சர். கட்டுரை வந்த ஞாயிறு மலர் பக்கத்து நாற்காலியில் மடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "நீ ஒங்க அப்பாவ நல்ல பிள்ளையாக்கிட்டியே. போலீஸால கூட அது முடியல" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கிண்டலாகத்தான் சொன்னார். அதுவரை அவருக்கு என்மேல் கோபம் இல்லை.

"சரி, என் பாடத்துக்கு ஒரு செராக்ஸ் எடுத்துட்டு வா. மச்சினன் பாடமும் அங்கதான இருக்கும்? அதையும் எடு. காலேஜ் பையன் ஒருத்தன் அதப் படிக்கட்டும்."

"எல்லாம் சென்னையில இருக்கு டீச்சர். கேட்டு வாங்குதேன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. தலைப்பு வைப்பதுபோல் சட்டென்று வந்துவிட்டது.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அது லோடு ஏத்தி எம்புட்டு நாளாச்சி அண்ணாச்சி! இன்னேரம் வேகவச்சி அட்டையாக்கிருப்பான். ஏன், பத்திரம் கித்திரம் எதும் மாறி வந்துட்டோ?"

"பத்திரம் இல்ல. ஒரு நாடகம்."

"நாடகமா?" அவர் முகம் தெளிந்தது. "அடப் போங்க. ஒரு நிமிசத்துல நான் பயந்துட்டேன்லா."

டீச்சர் போன் செய்தார். வந்துவிட்டதா என்று கேட்டார். காப்பகத்தில் தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். இரண்டாம் முறை, நகலெடுக்கும் மெஷின் பழுது என்றேன். பத்திரிகையில் இருந்த காலத்தில் அரசு அலுவலகங்கள் எனக்குச் சொன்ன பதில்கள் இவை. கோப்பு நகரவில்லை, அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்று சொன்ன ஆட்களை நான் எழுத்தில் கிழித்திருக்கிறேன்.

மூன்றாம் முறை டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை. காப்பகத்துப் பெண் கூப்பிட்டார்.

"சார், நாசரேத்ல இருந்து ஒரு டீச்சர் பேசினாங்க. அவங்க நடிச்ச பார்ட் பேப்பர் எங்ககிட்ட இருக்குன்னு நீங்க சொன்னீங்களாம். எங்ககிட்ட வந்ததுல டைப் அடிச்ச ஸ்கிரிப்ட் மட்டும்தானே சார் இருக்கு? நான் தேடிப் பார்த்துட்டேன்."

எடைக்குப் போட்டதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"அந்த மாதிரி பேப்பர் கிடைக்கிறதே இல்ல சார்" என்றார். "சரி. டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

மறுநாள் நாசரேத்துக்குப் போனேன். வழி நெடுக, நடந்ததை எந்த வரிசையில் சொல்வது என்று யோசித்தேன். பாடம் அழிந்ததை முதலில் சொல்லலாமா, பொய்யை முதலில் சொல்லலாமா? செய்தி எழுதும்போது முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும் என்று எத்தனையோ இளைஞர்களுக்குச் சொன்னவன் நான். டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, பஸ் கூட்டத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினேன். அவர் காப்பி கொடுத்தார். குடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"என்னலே, வித்துட்டியா?" என்றார்.

"எடைக்குப் போட்டுட்டேன் டீச்சர்."

"என்னோடதையுமா?"

"ஆமா."

"மச்சினன் பாடம்?"

"எல்லாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "கவர் மட்டும் இருக்கு" என்றேன்.

"அத வச்சி நான் என்ன செய்ய? இடுப்பெலும்பு பாக்கவா?" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. "போலீஸ்காரன் தேடுனான், கெடைக்கல. எங்க அய்யா என் பெட்டியக் கொட்டிக் கவுத்துப் பாத்தாரு, கெடைக்கல. கலியாணம் முடிச்சி நாலு ஊரு மாத்தலாயி, எல்லா ஊருக்கும் கொண்டுட்டுப் போயி வச்சிருந்தேன். ஒன் கையில குடுத்தேன்."

நான் செய்ததிலேயே மோசமானதை அப்போதுதான் செய்தேன். உதவி என்று நினைத்துச் செய்தது அது.

"டீச்சர், ஒங்களுக்கு ஒங்க வசனம் ஞாபகம் இருக்கும். மச்சினன் என்ன பேசினான்னு கருத்தும் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் அப்பா நடையிலயே எழுதிருதேன். கூட்டத்துக்குள்ள முடிச்சிரலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"கருத்து தெரியும். வார்த்த தெரியாது" என்றார். "என் பாடத்துல அவன் பேசி முடிக்கிற வால் மட்டுந்தான் இருக்கும். அதக் கேட்டுத்தான் நான் அடுத்தத எடுக்கணும். அது தெரியும். மத்தது அவன் சொத்து. அவன் செத்துட்டான், ஒங்க அப்பாவும் செத்துட்டாரு. இல்லாதத இருக்கிற மாதிரி எழுதி வைக்காத. பேப்பர்ல ஒருக்க எழுதுனது போதும்."

எழுந்துகொண்டேன். கூட்டத்தில் காட்சி வாசிப்பதை விட்டுவிடலாம், ஒருவர் பேசட்டும், அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஏன் விடணும்? நான் வாரேன். என்ன இருக்கோ அத நடிப்போம். காலேஜ் பையன் வேண்டாம். மச்சினனுக்கு நீ நில்லு."

"எனக்கு மேடைப் பழக்கம் கெடையாது டீச்சர்."

"ஒனக்கு எங்க வசனம் இருக்கு? வால்தான்" என்றார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வார்த்தைகளுக்கு இடையில் கொச்சையாக இருந்த ஓர் இடத்தை என் கை தானாகத் திருத்தப் போனது. பேனாவை எடுத்துவிட்டேன்.

கூட்டத்தன்று அரங்கு பாதி நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், துறைமுகத்தில் ஓய்வுபெற்ற சிலர், கீழவைப்பாரில் இருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒரு குடும்பம். சென்னையில் இருந்து காப்பகத்துப் பெண் ஒரு கேமராவோடு வந்திருந்தார். என்னிடம் வணக்கம் சொன்னார், வேறொன்றும் பேசவில்லை. நான் முதலில் மைக்கின் முன் நின்று, கட்டுரையில் எழுதியது தவறு என்றும், நாடகத்தின் மெய்யான தாள்களை நானே அழித்துவிட்டேன் என்றும் சொன்னேன். நாலு வாக்கியம்தான். நாலில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று பின்னால் இருந்து ஒருவர் கத்தினார். "மைக்க ஆன் பண்ணுங்க சார்!" ஆன் செய்து மறுபடியும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது.

டீச்சர் வந்து எனக்கு எதிரே நின்றார். நாற்காலி வேண்டாம் என்றார். கையில் தாள் இல்லை.

"கயிறு யார் கையில இருந்துச்சி?" என்றார்.

அது நாசரேத்தில் காப்பி கொடுத்தவரின் குரல் இல்லை. நான் உடனே வாலைச் சொல்லிவிடப் பார்த்தேன். அவர் கையைச் சற்றே உயர்த்தித் தடுத்தார். மச்சினன் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் பேசுவானோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். அவர் முகம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க மாறியது. அரங்கில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. கிழவி மறந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு பையன் ஆதரவாகக் கைதட்டினான், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர் அசையவில்லை. பிறகு எனக்குத் தலையசைத்தார்.

"...எங்கையிலதான் இருந்துச்சி" என்றேன்.

"அவரு இழுத்தது ஒனக்குத் தெரியலயா?"

மறுபடியும் காத்திருந்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

"...தெரிஞ்சிதுக்கா."

"தெரிஞ்சும் ஏன் தூக்கல?"

இதுதான் நீளமான இடம். கொடியும் காவல் படகும் உத்தரவும் எல்லாம் இங்கேதான் இருந்தன. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஏட்டையா மக்ரூன் தின்ற இடம். நான் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். "நிமிந்து பாருலே" என்றார், மைக்குக்குக் கேட்காதபடி. பார்த்தேன். என் முகத்தில் மண் விழவில்லை. எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"...கொடி எறங்கலக்கா."

"கொடிக் கயிறு யார் கையில இருந்துச்சி?"

அவருடைய கடைசி வரி அது; உத்தரவு போட்டது யார் என்று மச்சினன் சொல்ல வேண்டிய இடம். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சு இல்லை என்பதால், அந்தப் பதிலின் வாலை அவர் பாடத்தில் யாரும் எழுதவில்லை. எனக்குச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நின்றேன். திரையை எப்போது இழுப்பது என்று தெரியாமல் ஓரத்தில் இருந்த மாணவி என்னைப் பார்த்துச் சைகையால் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.